கடை பதியும் முன் ஒரு மாலை

லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் சங்கமான லிஷாவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "பிரைவேட் லிமிடெட், அதாவது தனியார் நிறுவனம், போட்டால் வரி குறையும்தானே?" அதற்குள் பதிவு முடிந்திருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் ஓர் அக்காவுக்கு ஆண்டு லாபம் 40,000 வெள்ளி. நிறுவனம் இல்லாமல் தன் பெயரிலேயே, தனியுரிமை வணிகமாக நடத்தியிருந்தால் அது அவருடைய சொந்த வருமானம். முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. வேறு வருமானம் இல்லாத அவர், வரிக் கழிவு எதுவும் கேட்காமலே 550 வெள்ளி கட்டினால் போதும். யாரோ சொன்னார்கள் என்று நிறுவனம் பதிந்துவிட்டார். நிறுவன வரி 17 விழுக்காடு. புதிய நிறுவனங்களுக்கான சலுகையில் லாபத்தில் முக்கால் பங்கு கழிந்த பிறகும் 1,700 வெள்ளி வருகிறது. அந்தச் சலுகையும் மூன்று ஆண்டுக்குத்தான். அவரே சம்பளம் எடுத்தால் வரி குறையும், சரி. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு மத்திய சேம நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்புக்கு) கட்ட வேண்டும். அப்புறம் நிறுவனச் செயலாளருக்குக் கட்டணம், ஆண்டறிக்கை, அது தாமதமானால் குறைந்தது 300 வெள்ளி அபராதம். தையல் மெஷின் முன்னால் உட்கார வேண்டியவர் தாள்களோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நிறுவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு தம்பி தனியாளாகவே பெரிய ஆர்டர்களை எடுத்தார். ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் போனதும் சரக்குக் கடன் முழுக்க அவருடைய சொந்தச் சேமிப்பைத் தின்றுவிட்டது. அவர் முதல் நாளே நிறுவனம் பதிந்திருக்க வேண்டும்; நிறுவனத்தின் கடன் பொதுவாக உரிமையாளரின் சொந்தப் பணத்தைத் தொடாது. அதிலும், வாடகைக்கோ வங்கிக் கடனுக்கோ சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்கு உதவாது. இதை யாரும் அவர்களுக்குத் தமிழில் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

கூட்டாகத் தொடங்கும் நண்பர்கள் நிலை இன்னும் சிக்கல். சாதாரணக் கூட்டு வணிகத்தில் ஒருவர் வாங்கிய வணிகக் கடன் மற்றவர் தலையிலும் விழும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு மணி நேரம். தீபாவளி வியாபாரத்துக்காகப் புதியவர்கள் பதிவு செய்யத் தொடங்கும் முன், ஒரு மாலை, தமிழில், ஒரு வழக்கறிஞரையும் ஒரு கணக்காளரையும் வைத்து நடத்துங்கள். கடன் வந்தால் யார் கட்டுவது, லாபம் எவ்வளவு வரும், தாள் வேலையை யார் பார்ப்பது என்று மூன்றையும் அவரவர் கணக்கை வைத்தே போட்டுக் காட்டட்டும்.

கணக்காளர் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். புதன்கிழமை மாலைகளில் எனக்கு வேலை இல்லை.

அன்புடன்,
தேக்காவில் கணக்கு எழுதும் ஒருத்தி