கசகஸ்தானின் அல்மாத்தி நகரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மங்கோலியாவில், பயான்-உல்கியில் எல்லோரும் நலம். போன வாரம் பேசும்போது பாதியில் சிக்னல் போய்விட்டது. நீ சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது. நீயும் கசாக்கியப் பெண்தான், ஆனாலும் விடுதியில் உன்னை "மங்கோலியாக்காரி" என்று கூப்பிடுகிறார்கள், அங்கே பலரும் பேசும் ரஷ்ய மொழி தெரியாததால் கடையில்கூடப் பேசத் தயங்குகிறாய் என்றாய். அன்றைக்கு எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. நம் முன்னோர் 1860களிலிருந்து மேய்ச்சல் தேடி, சீனாவின் சின்ஜியாங் பக்கமிருந்து அல்தாய் மலைக் கணவாய்களைத் தாண்டி வந்தவர்கள். பெரும்பாலும் கேரே என்ற கசாக்கியக் குலத்தார். 1940இல் பயான்-உல்கி தனி மாகாணமானது. இன்றும் இங்கே பத்துக்கு ஒன்பது பேர் கசாக்கியர். நம் பேச்சில் ரஷ்யச் சொல் அதிகம் கலக்கவில்லை, அது குறையா? ஏழு தலைமுறைப் பெயரையும் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவள் நீ. யார் என்று கேட்டால் அதைச் சொல்.

வரைபடத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மங்கோலியாவும் கசகஸ்தானும் தொட்டுக்கொள்ளவே இல்லை. நடுவில் ரஷ்யாவும் சீனாவும் சந்திக்கின்றன. அந்த இடைவெளி 40 கிலோமீட்டர்கூட இல்லை. சமவெளியாக இருந்தால் குதிரையில் ஒரு பகல்தான்.

இங்கே நாம் மட்டும் இல்லை என்பதையும் சொல். நம் மாகாணத்துச் செங்கேல் வட்டத்தில் துவா மக்கள் இருக்கிறார்கள், உரியான்காய் மக்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒரு துவா வீட்டில் மூன்று நாள் தங்கினோமே, அந்தப் பாட்டி உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் பேசியது பாதி புரியவில்லை. ஆனாலும் நீ அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

பனி இன்னும் முழுதாக உருகவில்லை. கோத்தோன் ஏரியில் பனிக்கட்டி அப்படியே கிடக்கிறது. தெளிந்த நாளில் குய்தென் சிகரம், 4,374 மீட்டர், வெள்ளையாகத் தெரிகிறது. போன மாதம் மேல் பள்ளத்தாக்கில் பனிச்சிறுத்தையின் தடம் பார்த்தேன். என் உள்ளங்கை அகலம். ஓநாய்த் தடம் என்றால் நகம் பதிந்திருக்கும், இதில் நகமே இல்லை. பக்கத்தில் வால் இழுபட்ட கோடு. காட்டு ஆட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்து போயிருக்க வேண்டும். நம் ஆடுகள் பத்திரம்.

அப்புறம், உன்னிடம் போனில் சொல்ல முடியாத ஒன்று. நம் வேட்டைக் கழுகைக் காட்டில் விட்டுவிட்டேன். எட்டுக் குளிர்காலம் நம்மோடு வேட்டையாடிவிட்டாள், இனி அவள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும். ஓர் ஆட்டை அறுத்து மலைமேல் எடுத்துப்போனேன். தோல் முகமூடியைக் கழற்றினேன், காலில் இருந்த வாரை அறுத்தேன். இறைச்சியில் அவள் குனிந்திருந்தபோது பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இருட்டிய பிறகுதான் வேறு வழியாக இறங்கினேன், பின்னால் வந்துவிடுவாளோ என்ற பயம். வரவில்லை. வலது கை இப்போதும் கனமாகவே இருக்கிறது. சேணத்தில் கை தாங்கும் கவைக்கட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை.

அம்மா உனக்காகத் துஸ்கீஸ், அதாவது சுவரில் தொங்கவிடும் பூவேலைத் துணி, தைத்துக்கொண்டிருக்கிறாள். சிவப்புத் துணியில் ஆட்டுக்கொம்புப் பூவேலை. மூன்று பக்கமும் முடிந்துவிட்டது. கீழ் ஓரத்தை நம் வழக்கப்படி முடிக்காமல்தான் விடுவாள். அதைத் தொங்கவிட்ட வீட்டில் வாழ்வு முடியாமல் தொடர வேண்டும் என்பார்களே, அதற்காக. நடுவில் மஞ்சள் நூல் தீர்ந்துவிட்டது. உல்கி சந்தையில் கிடைப்பது சாயம் போகிறதாம். ஊருக்கு வரும்போது நல்ல மஞ்சள் நூல் நாலு கண்டு வாங்கி வா.

அன்புடன்,
அப்பா