சந்தாப் புத்தகத்தோடு கதவு தட்டியவர்களுக்கு நன்றி

கொழும்பின் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதிகளில் தோட்டங்கள் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் வாக்காளர் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று உழைத்தவர்களுக்கும், அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் இந்த மடல்.

முதல் நன்றி மரண உதவிச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், எந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியில் "வாக்களிப்பது உங்கள் உரிமை" என்று முழங்கிவிட்டுப் போகிறவர்களை எங்கள் சனம் நிறையவே பார்த்திருக்கிறது. மாதச் சந்தா வாங்க வரும் அக்கா, "அடையாள அட்டை எடுத்தாயா?" என்று கேட்டால் மட்டும் பதில் வருகிறது. கட்சி வேலை செய்பவர்கள் பயிற்சிக்கு வரவேண்டாம் என்ற நிபந்தனையை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதற்கும் இந்தச் சங்கங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தேர்தல் கடமையில் பல்லாண்டு அனுபவமுள்ள ஓய்வுபெற்ற ஐயா இல்லாவிட்டால் பயிற்சி வெறும் பேச்சாகவே போயிருக்கும். எட்டு மாதங்களுக்குள் மூன்று தேர்தல்கள், மூன்றுக்கும் மூன்று விதமான வாக்குச்சீட்டு. 2024 செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 என்று விருப்பு வரிசை. நவம்பர் 14 இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கட்சிக்கு ஒரு புள்ளடி (X), பிறகு வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. 2025 மே 6 இல் உள்ளூராட்சிக்கு ஒரே ஒரு புள்ளடி. சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. நவம்பரில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஆறரை லட்சத்துக்கும் மேல் என்பதில் என்ன ஆச்சரியம்?

கட்சிச் சின்னங்களின் வாடையே வரக்கூடாது என்று கத்தரிக்காய், வெண்டிக்காய், பலாப்பழம், தேங்காய் போட்ட மாதிரிச் சீட்டுகளை ஐயாவே கீறிக் கொண்டுவந்தார். அப்பம் சுட்டு விற்கும் மாமி ஒருவர் பலாப்பழத்துக்கு 1, கத்தரிக்காய்க்கு 2 என்று அழகாக எழுதி, நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். செப்டெம்பரில் படித்த பாடம் அப்படியே மனத்தில் இருந்தது! ஐயா அந்தச் சீட்டை எல்லோருக்கும் விரித்துக் காட்டி, இம்முறை உள்ளூராட்சித் தேர்தலில் இரண்டு இடத்தில் அடையாளம் விழுந்தால் வாக்கு வீண் என்று விளக்கினார். மறுநாளே அப்பத்தோடு "ஒரே ஒரு புள்ளடி" என்ற அறிவுரையும் மாமியின் கடையில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது.

வாக்காளர் அட்டை வராவிட்டால் வாக்கே இல்லை என்று நம்பியிருந்தவர்கள் பலர். வாக்காளர் பெயர்ப்பட்டியலான இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாள அட்டையும் இருந்தால் போதும் என்பதைச் சிங்கள வீடுகளிலும் சரளமாகச் சொல்லிவந்த முச்சக்கரவண்டித் தம்பிமாருக்கு நன்றி.

புறக்கோட்டைக் கடை முதலாளிமார் சிலரையும் குறிப்பிடத்தான் வேண்டும். அங்கு வேலை செய்யும் பிள்ளைகள் பலருக்கு வாக்கு மலையகத்தில். 150 கிலோமீற்றருக்கு அப்பால் போகிறவருக்குச் சம்பளத்துடன் இரண்டு நாள் விடுமுறை உண்டு என்று எங்கள் தொண்டர்கள் சொன்னபோது, பதுளைப் பிள்ளைகளுக்கு விடுமுறையோடு பஸ் காசும் கொடுத்தவர்கள் அவர்கள். காதில் விழாததுபோல் இருந்தவர்களைப் பற்றி நன்றி மடலில் எழுத இடமில்லை.

வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை இடாப்புக்கு எழுத வீட்டுச் சொந்தக்காரர் மறுப்பது கொழும்பின் பழைய வியாதி. பெயர் ஏறினால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். அந்த வீடுகளுக்குப் பொறுமையாக மீண்டும் மீண்டும் போன கிராம உத்தியோகத்தர்களுக்கு எங்கள் வணக்கம். மண்டபம் தந்த ஆலயத்தாருக்கும் கோயில் சபையினருக்கும், தேநீர் தந்த கைகளுக்கும் நன்றி.

நாடளவில் செப்டெம்பரில் 79 வீதத்தைத் தாண்டிய வாக்களிப்பு நவம்பரில் 69 வீதமளவுக்கு இறங்கி, மே மாதம் இன்னும் சரிந்தது. 2023 மார்ச் 9 க்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தால் சனத்துக்கு அலுப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் பயிற்சி அந்தச் சரிவை நிறுத்திவிட்டது என்று மார்தட்ட மாட்டோம். ஆனால் வாக்களிக்கத் தெரியாமல் வீட்டில் இருந்தவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் குறைந்திருக்கிறார்கள்.

மிகுதி மாதிரிச் சீட்டுகளும் அட்டைப்பெட்டியும் மாதர் சங்க அலுமாரியில் இருக்கின்றன. வேறு தோட்டத்தவர்கள் கேட்டால் தருவோம். இடாப்பில் பெயர் விடுபட்டவர்கள் அடுத்த திருத்தம் வரை காத்திராமல், இப்போதே சங்கத்து அக்காமாரிடம் சொல்லி வையுங்கள்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர் சார்பில்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13