ஐஸ்கிரீம் பெட்டிக்குள் 11 நாள்

எல்லோருக்கும் வணக்கம்.

தாத்தா வீட்டு ஸ்வர நோட்டுகள், நாயனத்தில் வாசிக்கும் பாட்டுகளை ச ரி க ம என்று எழுதி வைத்தவை, பிழைத்துவிட்டன. 14 நோட்டும் இப்போது சென்னையில் ஒரு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நேற்று சாயங்காலம் போனில் இதைச் சொன்னதும் அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். அப்புறம்தான், "யாருக்கெல்லாம் நன்றி சொல்லணுமோ எழுதிடு" என்றார்.

புயலன்று என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஓடும்தானே பறந்தது. எங்கள் வீட்டில் நோட்டுப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது.

முதல் நன்றி கடைத்தெரு ஐஸ்கிரீம் கடை அண்ணனுக்கு. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

காப்பகத்து அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: வெயிலில் காயவைக்காதீர்கள், ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்காதீர்கள், இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் உறைய வைத்துவிடுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சை வளராதாம், மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமாம். ஊரில் கரண்டே இல்லை. கடைத்தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்ட ஒரே இடம் அண்ணன் கடை. நோட்டுகளை அன்னக்கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"என்னம்மா, கணக்கு நோட்டா?"

"பாட்டு நோட்டு அண்ணே. தாத்தாவுது."

வேறு எதுவும் கேட்கவில்லை. அவரிடம் இருந்ததே இரண்டு பெட்டி. ஒன்றைக் காலி செய்தார். பெரிய டப்பாக்களை இன்னொன்றில் திணித்தார். மிஞ்சிய கப் ஐஸையெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். குல்ஃபி சுற்றும் பாலிதீன் உறையை வெட்டி, ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாகச் சுற்றினார். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் அட்டை வைத்தார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூடிமேல் டேப் ஒட்டி, பேனாவால் எழுதினார்: 'சாமி பாட்டு. திறக்காதே.'

11 நாள். கரண்ட் வரும்வரை டீசலுக்கு வரிசையில் நின்றது அவர்தான். பணம் கொடுக்கப் போனேன், "முதல்ல வீட்டுக்கு ஓடு போடு" என்றார்.

'சாமி பாட்டு' என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நோட்டில் பாதிக்கு மேல் மல்லாரிதான். சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் நாயனத்தில் வாசிப்பது. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு, அதாவது சாமிக்கு நைவேத்தியம் கொண்டுபோகும்போது, ஒன்று. இதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது, அதுதான் வம்பு. கீர்த்தனை மறந்துபோனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை இழுத்துவிடலாம், மல்லாரிக்கு அப்படிப் பிடிக்க நுனி இல்லை. கீர்த்தனைகளுக்காவது சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கெல்லாம் குறி போட்டுப் பெரிய புத்தகமாக அச்சிட்டு வைத்துவிட்டுப் போனார். மல்லாரி பெரும்பாலும் அந்தந்த வீட்டு ஆட்களின் காதிலும் விரலிலும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அதிர்ஷ்டவசமாக எழுதியும் வைத்தார்கள்.

எழுதியது மூன்று கைகள். கொள்ளுத்தாத்தா காப்பியிங் பென்சிலில் எழுதியவர், தண்ணீர் பட்டதும் பக்கம் முழுக்க ஊதாவாக இறங்கிவிட்டது. பெரியப்பாவின் பவுண்டன் பேனா மை, அழகழகான எழுத்து, அப்படியே கரைந்து போய்விட்டது. தாத்தா மட்டும் சாதா பென்சில். நாளைக்கு இதைவிட நல்ல சங்கதி வந்தால் அழிக்க வேண்டாமா என்பார். துண்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அலைவதைப் பார்த்து, மை வாங்கக் கஞ்சத்தனம் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவர் எழுதியதில் ஒரு கோடுகூடப் போகவில்லை.

ஆனால் நோட்டைக் காப்பகத்துக்கு அனுப்பும் முன்பே சில பக்கங்களில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. ஸ்வரம் எழுதும்போது மேல் ஸ்தாயிக்கு, அதாவது உயர்ந்த ஒலிக்கு, எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. இப்போது எது தாத்தா வைத்த புள்ளி, எது பூஞ்சை வைத்த புள்ளி? காப்பகத்துப் பிள்ளைகள் போனில் பக்கத்தைக் காட்டக் காட்ட, அத்தை பாடிப் பார்த்துச் சொன்னார். "அங்கே மேல் ஷட்ஜம் வராது தம்பி, அது அழுக்கு." மூன்று மத்தியானம் இப்படிப் போனது. புள்ளிக்குப் புள்ளி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்ட அந்தப் பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

இன்னும் பலர். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுச் சென்னைவரை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போன வேன் தம்பி, சேற்றில் கிடந்த கடைசி இரண்டு நோட்டைக் கண்டெடுத்த தவில்காரர் வீட்டுப் பையன்கள், கிழிந்த இடங்களுக்கு ஜப்பானியத் தாள் ஒட்டிய காப்பகத்து ஐயா, அரிசி கொடுத்த குருக்கள் வீடு, விட்டுப்போன எல்லோரும். ஐந்து வருஷம் முன்பு இதே நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனபோது, வைக்க இடமில்லை என்று திருப்பி அனுப்பிய இடமும் ஒன்று உண்டு. போகட்டும்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறையாக இந்த நோட்டை வெளியாளுக்குக் காட்டியதில்லை. கேட்டு வந்தவர்களைக் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறோம். பூட்டி வைத்த அந்தப் பெட்டிக்குள்தான் தண்ணீர் போனது. இனி அப்படி இல்லை. படமெடுத்த பக்கங்களின் நகல் வீட்டுக்கு வருகிறது, நாயனம் கற்கிற எந்தப் பிள்ளையும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். வைகாசித் திருவிழாவில் தம்பி தளிகை மல்லாரியை இந்த நோட்டில் உள்ளபடி வாசிக்கிறான். ஐஸ்கிரீம் கடை அண்ணன் கடையை ஒரு மணிநேரம் சாத்திவிட்டு வந்தாக வேண்டும்.

ஏழாவது நோட்டில் மூன்று பக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தேர் மல்லாரியின் முடிவு அதற்குள் இருக்கிறது. அவசரப்பட்டால் கிழிந்துவிடும், மெதுவாகப் பிரிக்கிறோம் என்கிறார்கள். சரி, பிரியட்டும்.