கொடைக்கானல் மேல்மலையில சாதாரண டென்ட் போட்டு தங்க பெர்மிட் முறை கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மேல்மலை ஜீப் டிரைவருங்க, கைடு பசங்க, பூண்டு விவசாயிங்க சார்பா,
மன்னவனூர், கொடைக்கானல் தாலுகா, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்கு வெளிய, ஊர் ஓரத்துல இருக்கற வருவாய்த்துறை புறம்போக்குல, கரண்ட், கட்டிடம் எதுவும் இல்லாத சின்ன கேம்ப் இடம் ஒண்ணு ஒதுக்கி பெர்மிட் குடுக்கக் கேட்டு.

ஐயா / அம்மா,

வணக்கங்க. பெட்டிஷன் எழுதறவர்கிட்ட குடுத்தா நாங்க சொல்ல வந்ததுல பாதி காணாமப் போயிடுது, அதான் பேசற மாதிரியே டைப் பண்ணி அனுப்புறோம், தப்பா எடுத்துக்காதீங்க.

விஷயம் என்னன்னா, சனிக்கிழமை ராத்திரி பூம்பாறை தாண்டி கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி ரோட்ல வந்து பாத்தீங்கன்னா ரெண்டு விதமான டென்ட் இருக்கும். ஒண்ணு பட்டா நிலத்துல வரிசையா அடிச்சு வெச்சிருக்கற டென்ட் ஸ்டே, ஜெனரேட்டர், கலர் லைட், ஸ்பீக்கர், நடுவுல கேம்ப் ஃபயர்னு நாலு ஊருக்கு கேக்கற மாதிரி நடக்கும், அதுக்கு இன்ஸ்டாகிராம்ல யாருமே போகாத இடம்னு விளம்பரம் வேற. இன்னொண்ணு உங்க கண்ணுக்கும் தெரியாது எங்க கண்ணுக்கும் சட்டுனு தெரியாது. பைக்ல பின்னாடி டென்ட்ட கட்டிக்கிட்டு மதுரை, கோவை, திருச்சில இருந்து வர்ற ரெண்டு மூணு பசங்க, சில சமயம் புருஷன் பொண்டாட்டி, சத்தம் இல்லாம ஒரு ஓடைக்கரை ஓரமா படுத்து எந்திரிச்சு காலைல பனிய பாத்துட்டு போகணும், அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். முதல் ஆளு காசு இருக்கறவன், எங்கயோ ஒரு பேப்பர வாங்கி வெச்சுக்கறான், இல்ல வாங்காமலே ஓட்டறான். ரெண்டாவது ஆளு முறையா அனுமதி கேக்கலாம்னு நினைச்சாக்கூட அதுக்குன்னு ஒரு ஃபார்ம், ஒரு கவுண்டர் கிடையாது. ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டா காட்டுக்குள்ள தங்கக்கூடாதும்பாங்க, சரிதான், விஏஓகிட்ட கேட்டா அது என் வேலை இல்லம்பாரு, அதுவும் சரிதான். அப்பறம் அவன் என்ன பண்றான், இருட்டுனதுக்கு அப்பறம் லைட்ட அணைச்சுட்டு பைன் மரத்துக்கு பின்னாடி பைக்க தள்ளிட்டு உள்ள போயிடறான்.

எங்களுக்கு பயமே அங்கதான். ஒளிஞ்சு தங்கறவன் எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. காட்டுமாடு முட்டுனாலும் தெரியாது, ஓடைல தண்ணி ஏறினாலும் தெரியாது. ஐப்பசி கார்த்திகைல கரையில வானம் பளிச்சுன்னு இருக்கும், மேல எங்கயோ பெஞ்ச மழை அரை மணி நேரத்துல வந்து நிக்கும், அதனாலதான கீழ கும்பக்கரை அருவில அடிக்கடி குளிக்க தடை போடுறாங்க. டவர் கிடைக்காது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு மன்னவனூர்ல இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் மலை ரோடு. குளிர்ல விறைச்சுப் போன பசங்கள நடுராத்திரில ஜீப்ல தூக்கிட்டு ஓடறது இங்க டிரைவருங்களுக்கு புதுசு இல்ல, ஓடைக்கரைல தரைல தார்ப்பாய விரிச்சு படுத்துட்டு கீழ இருந்து ஈரம் ஏறி நடுங்கிட்டு கெடப்பாங்க, சிலர் அதுக்கு பயந்து கரி அடுப்ப டென்ட்டுக்குள்ளயே வெச்சு ஜிப்ப போட்டுக்கறாங்க, அது குளிர விட மோசம், கரில இருந்து வர்ற வாசனையே இல்லாத விஷ வாயுல (கார்பன் மோனாக்சைடு) தூக்கத்துலயே உயிரு போயிடும்.

குரங்கணிய நாங்க மறக்கல. 2018 மார்ச் 11, பக்கத்து தேனி மாவட்டத்துல டிரெக்கிங் போனவங்க காட்டுத் தீல மாட்டி 23 பேர் செத்தாங்க. அதுக்கு அப்பறம்தான் டிரெக்கிங்குக்கு தனி விதி வந்துச்சு, அப்பறம் 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைய ஆன்லைன் புக்கிங்கோட கைடோட தொறந்து விட்டாங்க. நல்ல வேலைங்க அது, மனசார சொல்றோம், மலைவாழ் பசங்களுக்கு கைடு வேலை கிடைச்சிருக்கு, போறவன் பேரு நம்பர் எல்லாம் கைல இருக்கு. ஆனா அது பெரும்பாலும் காலைல போய் சாயங்காலத்துக்குள்ள எறங்கற கணக்கு. ராத்திரி தங்கறதுக்கு வழி இல்லாததால அந்த ராத்திரி முழுசும் ஒண்ணு டிஜே பார்ட்டிக்காரன் கைல இருக்கு, இல்ல திருட்டுத்தனமா இருக்கு. 2020 பிப்ரவரில குண்டுப்பட்டி பக்கம் தனியார் தோட்டத்துல போதை பார்ட்டின்னு 200 பேருக்கு மேல போலீஸ் பிடிச்சது பேப்பர்லயே வந்துச்சு. போதைக் காளான் தேடி வர்ற கூட்டத்தால பூம்பாறை மன்னவனூர் பேரே கெட்டுக் கெடக்கு, எங்க பொண்ணு புள்ளைங்க காலேஜ்ல ஊர் பேர சொல்ல கூச்சப்படுதுங்க.

அதுக்காக நாங்க காட்ட தொறந்து விடச் சொல்லல. 2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதுல ஒரு அடி கூட வேணாம். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள போகவும் தீ மூட்டவும் கூடாது, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்கு 1882 தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கு, இருக்கட்டும், இன்னும் கறாரா கூட இருக்கட்டும். பேரிஜம் பக்கமே டென்ட் நினைப்பு வரக்கூடாது, பெரியகுளத்துக்காரங்க குடிக்கற தண்ணி அது. பேத்துப்பாறை, அஞ்சுவீடு மாதிரி யானை நடமாட்டம் இருக்கற ஊர்லயும் வேணாம். 2021 ஜனவரில வயநாடு மேப்பாடில ரிசார்ட் டென்ட்ல தங்குன டீச்சர் பொண்ண யானை அடிச்சுக் கொன்னுச்சு, அது மாதிரி ஒண்ணு இங்க நடந்தா முதல்ல எங்க பொழப்புதான் போகும்.

நாங்க கேக்கறது ஊர எட்டி இருக்கற இடம் இல்ல, ஊர் ஓரம், கூப்புடு தூரம். மேய்ச்சல் புறம்போக்கு, பஞ்சாயத்து இடம்னு கொஞ்சம் சமதரையா இருக்கும்ல, வாட்டல்ங்கற வெளிநாட்டு மரம் மொளைச்சு யாருக்கும் உதவாம கெடக்குது பாருங்க, அது மாதிரி ஒண்ணு. ஓடைப் புறம்போக்கு மட்டும் வேணாம், கோர்ட்டும் ஒத்துக்காது, ஒத்துக்கிட்டாலும் தப்பு. டென்ட் வெளிநாட்டு வகையறா கம்பெனி டென்ட்டோ, ரெண்டு கம்பு நட்டு கட்டுன தார்ப்பாயோ, அவங்கவங்க கொண்டுவந்து போட்டு அவங்கவங்களே பிரிச்சு எடுத்துட்டு போகணும். வாடகை டென்ட் கிடையாது, கரண்ட் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, சாப்பாட்டுக்கடை கிடையாது. சாப்பாடு வேணும்னா ஊருக்குள்ள வந்து எங்க வீட்ல சாப்பிடட்டும், உருளைக்கிழங்கு பொரியலும் பூண்டுக் கொழம்பும் போடறோம், எங்க மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு இருக்கறதே வர்ற பாதி பேருக்கு தெரியல.

எங்க ஊர்ல படிச்ச தம்பி ஒருத்தன் அமெரிக்கால இப்படி இருக்குன்னு சொன்னான். அங்க தேசிய காடுங்கள்ல பைப்பு, கக்கூஸ் எதுவும் இல்லாத இடத்துல சும்மாவே டென்ட் போட்டுக்கலாமாம், நிறைய இடத்துல 14 நாள் வரைக்கும் தங்கலாமாம், தண்ணில இருந்து 200 அடி தள்ளித்தான் போடணும், கக்கூஸ் போனா அதே 200 அடி தள்ளி 6 லேர்ந்து 8 இஞ்ச் குழி தோண்டி மூடணும்னு பழக்கமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்படியே இங்க கொண்டுவந்தா நாறிடும். அவங்களுக்கு நிலம் கணக்கில்லாம கெடக்கு, இங்க ஒரு ஓடை ரெண்டு வளைவு தாண்டுனா ஒரு ஊரு. பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு, மஞ்சளாறுன்னு சுத்தி இருக்கற அணை எல்லாத்துக்கும் தண்ணி இந்த மலைல இருந்துதான் எறங்குது, மேல ஒருத்தன் ஓடைக்கரைல ஒதுங்குனா கீழ பழனில ஒருத்தன் அத குடிக்கணும். அதனால 200 அடிங்கறத மட்டும் எடுத்துக்கலாம், அத கூட 300 ஆக்குங்க, குழி தோண்டற கதை வேணாம், ஊராட்சி சார்பா ரெண்டு கக்கூஸ் ஓரமா கட்டி குடுத்துட்டா போதும். 14 நாளும் வேணாம், ரெண்டு ராத்திரி, மூணாவது நாள் கெளம்பிடணும். சோப்பு போட்டு ஓடைல பாத்திரம் கழுவறது, பல்லு வெளக்கறது, ஷாம்பு போட்டு குளிக்கறது இது மூணையும் போர்டு வெச்சு தடுக்கணும், போர்டு மட்டும் வெச்சா பத்தாது, ஆள் வேணும்.

நெருப்பு பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா தங்க வர்றவனுக்கு நெருப்பு இல்லாம டென்ட் ருசிக்காது. மார்கழி தைல இங்க உறைபனி விழுந்து புல்லு கருகிடும், மாசி பொறந்தா அது காஞ்ச பேப்பர் மாதிரி. பைன் ஊசி காலுக்கு கீழ மெத்தையா கெடக்கும், யூகலிப்டஸ் இலைல எண்ணெய் இருக்கு, வாட்டல் சும்மாவே எரியும். பைன் ஊசிக்கு அடியில தீ இருந்தா மேல தண்ணி ஊத்திட்டு அணைஞ்சிடுச்சுன்னு போயிடுவான், அது உள்ளயே கனிஞ்சு மறுநாள் காத்துல எழும்பும். 2024 கோடைல பூம்பாறை மன்னவனூர் பக்கம் எரிஞ்சது உங்க ஆபீஸ் ஃபைல்லயே இருக்கும். தீன்னா வனத்துறை வாட்சருங்க கூட பச்சைக் கொப்ப ஒடிச்சுட்டு அடிக்கப் போறது ஊர்க்காரங்கதான, ஆம்பள பொம்பள எல்லாரும். அதனால பிப்ரவரி லேர்ந்து மே வரைக்கும் கேம்ப் இடத்த முழுசா மூடிடணும், சீசன் வருமானம் போனாலும் பரவால்ல. மத்த மாசத்துலயும் தரையில நெருப்பு கிடையாது, சின்ன கேஸ் அடுப்பு மட்டும், அதுவும் டென்ட்டுக்கு வெளிய. விறகு பொறுக்கறதும் கூடாது. இத கேட்டு பாதி பேர் வராம போனா நல்லதுதான், மிச்சம் வர்றவன்தான் எங்களுக்கு வேணுங்கறவன்.

சாப்பாட்டு சாமான் இன்னொரு தலைவலி. டென்ட்டுக்குள்ள வாழைப்பழம், பிஸ்கட், உப்பு வெச்சு படுத்தா காட்டுப்பன்னி வந்து டென்ட்டோட கிழிக்கும். ராத்திரி எல்லாரோட சாப்பாடும் ஊருக்குள்ள ஒரு பூட்டு போட்ட ரூம்ல இருக்கணும், காலைல வாங்கிக்கலாம். குப்பை அவன் பைலயே திரும்பி போகணும், செக்போஸ்ட்ல எண்ணி அனுப்பி எண்ணி வாங்கற மாதிரி.

யாரு வர்றாங்கன்னு தெரியறதுக்கு புதுசா எதுவும் செய்ய வேணாம். 2024 மே 7 லேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் இருக்கு, 2025 ஏப்ரல்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கும் வெச்சாங்க, கொடைக்கானலுக்கு சாதா நாள்ல 4000, சனி ஞாயிறுல 6000னு. அந்த இ-பாஸ்லயே டென்ட்ல தங்கறீங்களான்னு ஒரு கேள்வி சேத்து, ஆமான்னா இடத்துக்கு காசு கட்டி நம்பர் வாங்குனாதான் டென்ட்ட எறக்க முடியும்னு வெச்சிடுங்க. ஒரு ராத்திரிக்கு 10 டென்ட்டுக்கு மேல வேணாம். நம்பர் இல்லாத டென்ட்ட பாத்தா நாங்களே போன் பண்ணி சொல்றோம், இப்ப சொல்லவும் பயமா இருக்கு, யாருகிட்ட சொல்றதுன்னும் தெரியல.

ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருக்கோம், இத ஏலம் விடக்கூடாது. ஏலம் விட்டா எடுத்தவன் போட்ட காச எடுக்க பாப்பான், அடுத்த வருஷம் அங்கயும் கலர் லைட் எரியும். கிராம சபை தீர்மானத்தோட ஊராட்சியும் கிராம வனக்குழுவும் சேந்து நடத்தட்டும். காவலுக்கும் கைடுக்கும் இந்த மலைப் பழங்குடியான பளியர் பசங்கள முதல்ல எடுங்க, தேன் எடுக்கப் போய் பாறைப் புடவுல (குகைல) ராத்தங்குன குடும்பத்துப் புள்ளைங்க, எந்தப் பக்கம் மாடு எறங்கும், எப்ப ஓடை பொங்கும்னு அவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு எந்த சர்டிபிகேட்காரனுக்கும் தெரியாது. வர்ற காசுல அவங்க சம்பளம் போக மிச்சம் ஊர் கணக்குல.

ஊருக்குள்ளயே இதுக்கு எதிர்ப்பும் இருக்கு, மறைக்கல. பூண்டு போடற பெரியவங்க சில பேர், இன்னைக்கு 10 டென்ட்டும்பீங்க நாளைக்கு 100 ஆகும், பாட்டில் எல்லாம் எங்க வயல் படியில வந்து விழும்ங்கறாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஏற்கனவே விழுந்துட்டுதான் இருக்கு. அதனால ஒரே ஒரு இடத்துல, டிசம்பர் ஜனவரி ரெண்டு மாசம் மட்டும் சோதனையா நடத்திப் பாக்கலாம், மார்ச் 22 கிராம சபைல கணக்கையும் குப்பையையும் முன்னால வெச்சு பேசலாம், வேணாம்னு ஊர் சொன்னா இழுத்து மூடிடலாம், நாங்க மறுபடி மனு போட மாட்டோம்.

அதுக்கு முன்னாடி அனுமதி இல்லாம நடக்கற பார்ட்டி டென்ட்டுங்கள எடுக்கணும். அத விட்டுட்டு பைக்ல வந்த பசங்களுக்கு மட்டும் ஃபைன் போட்டா ஜனங்க சிரிப்பாங்க.

தயவுசெஞ்சு வருவாய் ஆர்டிஓ, தாசில்தார், வனத்துறை ரேஞ்சர் மூணு பேரையும் சேத்து ஒரு கூட்டு ஆய்வுக்கு அனுப்புங்க. புதன்கிழமை காலைல 11 மணிக்கு வந்தா ஒண்ணுமே தெரியாது, மலை ரொம்ப அமைதியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிட்டு போயிடுவாங்க. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல வரச் சொல்லுங்க, ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ஜீப் நாங்க தர்றோம், டீசல் காசு வேணாம்.

நன்றிங்க.

இப்படிக்கு,
மேல்மலை ஜீப் டிரைவருங்க, கைடு பசங்க, விவசாயிங்க
(கையெழுத்து தனித்தாள்ல இணைச்சிருக்கு)

நகல்:
மாவட்ட வன அலுவலர், கொடைக்கானல்
வருவாய் கோட்டாட்சியர், கொடைக்கானல்
மாவட்ட சுற்றுலா அலுவலர்