சிமென்ட் பூச்சும் ஈரத்துணியும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று இரண்டு பட்டியல்கள் வந்திருந்தன. ஈரத்துணி உலர்வது, ஐஸ் உருகுவது, உப்பளத்தில் உப்பு விளைவது ஆகியவற்றோடு ‘சிமென்ட் பூச்சு காய்வது’ என்பதையும் இயற்பியல் மாற்றத்தில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்றும் சரி. நான்காவதைப் பார்த்ததும், கட்டட வேலையிலேயே தலை நரைத்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

துணியிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போனாலும் துணி அதே துணிதான். சிமென்டில் இருக்கும் கால்சியம் சிலிக்கேட்டுகளோ தண்ணீரோடு வினைபுரிந்து வேறு பொருளாகிவிடுகின்றன; அதனால் அது வேதியியல் மாற்றம். மணலையும் ஜல்லியையும் கவ்விப் பிடிப்பது அந்தப் புதுப் பொருள்தான். 50 கிலோ மூட்டை முழுதாக வினைபுரிந்தால் சுமார் 11 லிட்டர் தண்ணீர் அதற்குள்ளேயே கட்டுண்டுவிடும். ஆற்றுப் பாலத்துக்குத் தண்ணீருக்கடியில் குழாய் வழியாக இறக்கும் கான்கிரீட்டும் கல்லாகிறதே, அதை எந்த வெயில் காயவைத்தது? வினையில் சூடும் கிளம்பும். அமெரிக்காவின் ஹூவர் அணையை 1930களில் கட்டியபோது கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டது அந்தச் சூட்டைத் தணிக்கத்தான்.

காய்ந்த களிமண் கட்டியை ஊறவைத்தால் கரைந்துவிடும். மழையில் நனைந்து இறுகிப்போன சிமென்ட் மூட்டையை உடைத்துப் பொடித்துச் சலித்தாலும் பழைய பிடிமானம் வராது. (அதைச் சலித்துப் பூச்சுக் கலவையில் தள்ளிவிடும் ஆட்களும் உண்டு. அது தனிக் கதை.)

வெறும் பரீட்சை விஷயம் என்றால் விட்டிருப்பேன். ஆனால் தளம் போட்ட மறுநாளே, “நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிடும்” என்று சந்தோஷப்படும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால், “காயவே விடமாட்டேங்கிறீங்களே மேஸ்திரி” என்று சலித்துக்கொள்வார்கள். உள்ளே ஈரம் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். தளம் பலம் பிடிக்காது, மேலே வெடிப்பும் விடும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. எரிசாம்பல் (அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்த நுண் சாம்பல்) கலந்த சிமென்ட் என்றாலோ வறண்ட வெயில் என்றாலோ குறைந்தது 10 நாள். இப்போது வீடு கட்டுகிறவர்கள் அதிகம் வாங்குவது எரிசாம்பல் கலந்ததைத்தான். திருத்தம் போடும்போது அந்த 10 நாளையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
துறையூர்.