அண்ணனுக்கு ஹார்ட்டுன்னா கிட்னி டெஸ்ட் எதுக்கு?

அன்பு மல்லிகா,

உன் மெசேஜ் பாத்தேன், அண்ணன் கால் வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்குன்னு படிச்சப்புறம்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சுகம், சின்னவனுக்கு சிங்கப்பூர்ல வேல கெடச்சு போயிட்டான், ரங்கூன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னே தெரியல, அதனால சார்ஜ் இருக்கப்பவே இத அடிச்சு முடிச்சிடறேன்.

நீ கேட்டியே, ஹார்ட்டுக்குத்தானே வைத்தியம், அப்பறம் எதுக்குடி அடிக்கடி கிட்னி டெஸ்ட், எதுக்கு ஒண்ணுக்கு போக மாத்திர, உப்ப வேற கொறைக்க சொல்றாங்கன்னு. டாக்டர் ரெண்டு வார்த்த சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டிருப்பாரு. பயாலஜி டியூஷன் எடுத்தவகிட்ட கேட்டுட்டல்ல, இனி நீட்டி சொல்லாம விடமாட்டேன்.

நல்லா இருக்கற ஆளு சும்மா உக்காந்திருக்கப்பவே ஹார்ட் நிமிசத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும். அதுல கிட்டத்தட்ட 1 லிட்டர் கிட்னிக்கு மட்டும் போகுது. ரெண்டு கிட்னியும் சேத்து எட போட்டா 300 கிராம் இருக்கும், அதுக்கு இவ்ளோ ரத்தம்! ஏன்னா நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப உள்ள அனுப்பிட்டு, ஒண்ணு ஒன்றர லிட்டர்தான் வெளிய விடுது.

இப்ப அண்ணன் ஹார்ட் வீக்கு, கிட்னிக்கு வர ரத்தமும் கம்மி. ஆனா ஹார்ட் கெட்டுப்போனது கிட்னிக்கு எப்படிடி தெரியும்? எங்கயோ வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டுது, இல்ல வயித்தால போய் தண்ணி வத்திடுச்சுன்னு நெனச்சுக்கும். உடனே ரெனின்னு ஒரு என்சைம ரத்தத்துல விடும். அது ஈரல் செஞ்சு அனுப்பின ஒரு புரோட்டீன வெட்டும், அந்த துண்டு நுரையீரல் வழியா போறப்ப அங்க ஏசிஇங்கற என்சைம் இன்னொரு வெட்டு வெட்டும், அப்ப கெடைக்கறதுதான் ஆஞ்சியோடென்சின் 2. அது ரத்தக் கொழாய இறுக்கும், கிட்னி மேல தொப்பி மாதிரி ஒக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிய உசுப்பி ஆல்டோஸ்டிரோன விட வச்சு உப்பையும் தண்ணியையும் புடிச்சு வைக்கும், மூளைக்குப் போய் தாகத்தையும் கெளப்பிவிடும். கொஞ்சூண்டு உப்ப காப்பாத்த எத்தன பேரு வேல செய்யறாங்க பாரு.

நெசமாவே ரத்தம் போன ஆளுக்கு இது உசிர காப்பாத்தும். அண்ணனுக்கு ஏற்கனவே தண்ணி ஜாஸ்தி, மேல மேல சேந்து கால்ல எறங்கி வீங்குது, ராத்திரி படுத்தா நுரையீரல் பக்கம் ஏறி மூச்சு முட்டுது, தலவாணிய அடுக்கி வச்சு தூங்கறாருன்னியே அது இதான். ஹார்ட்டுக்கு பாரம் கூட, அது இன்னும் சோந்துபோக, கிட்னி இன்னும் பயந்து இன்னும் ரெனின விட, இப்படியே சுத்தும். யாரு மேலயும் தப்பில்லடி, எல்லாம் அததோட வேலய ஒழுங்காதான் செய்யுது, அதான் கொடும. புஸ்தகத்துல சிஸ்டத்துக்கு ஒரு பாடம்னு பிரிச்சு வச்சிருக்காங்க, பிள்ளைங்களும் மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடும், இத ஒருத்தரும் சேத்து சொல்லித் தரதில்ல.

ஹார்ட்டும் சும்மா இல்ல தெரியுமா, தண்ணி ஜாஸ்தியாகி மேலறை விரிஞ்சா அதுவே ஒரு ஹார்மோன விட்டு உப்ப வெளிய அனுப்ப சொல்லும். 1981ல கனடாவுல டி போல்டுங்கறவரும் கூட இருந்தவங்களும் எலி ஹார்ட்டோட மேலறைய அரைச்சு வேற எலிக்கு ஊசி போட்டுதான் இத கண்டுபுடிச்சாங்க. ஆனா அண்ணன் மாதிரி நெலமையில அது பத்தாது, ரெனின் கைதான் ஓங்கும்.

ஒண்ணுக்கு போக குடுத்த மாத்திர அந்த சேந்த தண்ணிய வெளியேத்தத்தான். அண்ணன் சாப்பிடற இன்னொரு மாத்திர எனலாப்ரில், அது அந்த ஏசிஇய தடுக்கறது. இந்த வகையில மொத மாத்திர கேப்டோப்ரில், பிரேசில் விரியன் பாம்பு வெஷத்துலேந்து கெடச்ச துப்ப வச்சு செஞ்சதாம். இத சாப்பிட்டா சிலருக்கு வரட்டு இருமல் வரும், வந்தா டாக்டர்கிட்ட சொல்லு, நீயா நிறுத்திடாத. கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவான க்ரியாட்டினினும், கூடவே பொட்டாசியமும் ரத்தத்துல ஏறலாம், அதுக்குத்தான் அந்த கிட்னி டெஸ்ட்.

நம்ம ஊர்ல உப்புதான் பெரிய தலவலி. சாம்பார்ல உப்ப கொறச்சுட்டு பக்கத்துல நாப்பியும் (அதான் உப்பு போட்டு புளிக்க வச்ச மீன் விழுது) கருவாடும் வச்சா என்ன புண்ணியம்? மொய்ங்கா மீன் சூப் நூடுல்ஸ்ல மீன் சாஸ், அத்தோ நூடுல்ஸ்ல அஜினமோட்டோ, அதுலயும் சோடியம் இருக்கு, உப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்கு. சோடியம் கம்மின்னு கடையில விக்கற உப்ப வாங்கிடாத, அதுல பொட்டாசியம்தான் கலந்திருக்கும், இந்த மாத்திரயோட ஆபத்து. காலைல எந்திரிச்சு ஒண்ணுக்கு போயிட்டு வந்ததும் எட பாக்க சொல்லு, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சத இல்ல, தண்ணி, ஒடனே டாக்டருக்கு போன் போடு.

அடுத்த செக்கப்புக்கு உங்க ஊரு பெகுலேந்து ரங்கூன் வரப்ப ஹோட்டல் கீட்டல்னு போகாதீங்க. எங்க வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் இல்ல, அண்ணன் ஏற வேணாம், கீழ் வீட்டுல எங்க தங்கச்சி இருக்கா, அங்க தங்கட்டும். நீ மட்டும் மேல வா, பேச நெறைய இருக்கு.

இப்படிக்கு,
சாந்தி