அணைத்து வைத்த கணினிகளை எழுப்புவது பற்றி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகு வலி எப்படி? அந்த நாற்காலியை இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லேபில் இருந்த கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் கழற்றிவிட்டோம். இனி எல்லாமே நெட்வொர்க் வழியாகத்தான் பூட் ஆகும். காலையில் சர்வரே ஒவ்வொன்றாக எழுப்பிவிடுகிறது. நான் போகும்போது வரிசையாக லாகின் திரை காத்திருக்கிறது. சிடியைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நாம் அலைந்ததும், வாத்தியார் பின்னால் நின்று "இன்னும் முடியலையா?" என்றதும் ஞாபகம் இருக்கிறதா?

அணைத்த கணினி எப்படி எழுகிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. கணினி அணைந்தாலும் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது. சர்வர் ஒரு சின்னப் பாக்கெட் அனுப்புகிறது: எஃப்எஃப் என்ற மதிப்பு ஆறு பைட், அப்புறம் அந்தக் கார்டுக்கே உரிய ஆறு பைட் மேக் முகவரி 16 தடவை. ஆக 102 பைட். அந்த வரிசை கண்ணில் பட்டால் கார்டு கணினியை எழுப்பிவிடும். 1995-இல் ஏஎம்டி வெளியிட்ட யோசனை இது, இன்றும் அப்படியே ஓடுகிறது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் மின்சிக்கன அமைப்பை அணைக்காவிட்டால் மட்டும் அந்தச் சொட்டு மின்சாரமும் நின்றுபோகும், எழாது.

எழுந்ததும் அது, நெட்வொர்க் முகவரி தரும் முறையான டிஎச்சிபியில், தனக்கொரு முகவரி கேட்கிறது. முகவரியோடு பூட் கோப்பின் பெயரும் வருகிறது. அந்தக் கோப்பை அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபி இயல்பாக ஒரு தடவைக்கு 512 பைட் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். அது மெதுவாக இருப்பதால் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட் நிரலை மட்டும் அதில் இறக்கி, மீதியை இணையப் பக்கங்கள் வரும் முறையான எச்டிடிபியில் எடுக்கிறோம். இப்போது மளமளவென்று வருகிறது.

ஆனால் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. எழுந்த கணினி "யாராவது முகவரி தாருங்கள்" என்று எல்லோரிடமும் கேட்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் லேப்டாப்பைச் சொருகிப் பதில் சொன்னால், அவன் தரும் கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் கருவையே, இது வாங்கி ஓட்டக்கூடும். டிஎஃப்டிபியில் பாஸ்வேர்டு என்பதே கிடையாது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இருந்தால், பூட் நிரலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். ஆனால் அதன் பிறகு ஏறும் கோப்பு முறைமைக்கு, அதாவது மற்ற நிரல்களும் கோப்புகளும் இருக்கும் பகுதிக்கு, அது பொறுப்பில்லை. பிள்ளைகள் தங்கள் பாஸ்வேர்டை அடிக்கும் மெஷின்கள்டா இவை!

டிஎச்சிபி பதில்களைக் கண்காணிக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதி உள்ள ஸ்விட்ச் போட்டால், சர்வர் இருக்கும் போர்ட்டிலிருந்து வரும் பதிலை மட்டும் உள்ளே விடும். எங்களுடைய பழைய ஸ்விட்சில் அது இல்லை. லேபுக்குத் தனி விலான், அதாவது தனியாகப் பிரித்த நெட்வொர்க், போடலாமென்றால், எழுப்பும் பாக்கெட் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டாது. சர்வருக்கு அதிலும் ஒரு இணைப்புக் கொடுக்க வேண்டும். மேலிடத்தில் கேட்டால் "ஓடுதுல்ல, விடுங்க" என்கிறார்கள். விட எனக்கு மனம் வரவில்லை.

நீ உன் ஆபீசில் இதைச் செய்தவன். விலானை முதலில் பிரிக்கட்டுமா, ஸ்விட்சுக்குச் சண்டை போடட்டுமா? அதை மட்டுமாவது உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி